ஹார்ன் அடித்தவர் மேல் தப்பில்லை

கேள்வி: மாசசூசெட்ஸில் ஷ்ரூஸ்பரிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கணவர் அதற்கு முன் எட்டு வருடம் நியூ ஜெர்சி எடிசனில் இருந்தவர். நான் ஊரில் ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன்; இப்போதுதான் பெர்மிட் வாங்கி கார் பழகுகிறேன். போன வாரம் வூஸ்டர் கெல்லி ஸ்கொயரில் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, வலது பக்கம் ஒரு வண்டி உள்ளே வர முடியாமல் காத்திருந்தது. பாவம் என்று நின்று வழிவிட்டேன். பின்னால் வந்தவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. கணவரோ, "சர்க்கிளில் பெரிய ரோட்டில் வருகிறவன் நிற்கவே வேண்டாம், நீ ஏன் நின்றாய்?" என்கிறார். பெர்மிட் புத்தகம் இதை ரோட்டரி என்கிறது. எங்கள் தெருமுனையில் டவுன் கட்டப்போவதை ரவுண்டபவுட் என்கிறார்கள். மூன்றும் ஒன்றா, வேறுவேறா? இன்னொன்று: அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். அவர் தினமும் நடக்கப் போவது அந்தத் தெருமுனை வழியாகத்தான். சிக்னலே இல்லாத இடத்தில் எப்படிக் கடப்பார்?
— ஷ்ரூஸ்பரி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஹார்ன் பஞ்சாயத்தை முதலில் முடித்துவிடுவோம். அடித்தவர் மேல் தப்பில்லை. கொஞ்சம் குறைத்து அடித்திருக்கலாம், அவ்வளவுதான். உள்ளே சுற்றும் வண்டி நிற்காது என்ற நம்பிக்கையில்தான் பின்னால் வருகிறவர் வருகிறார். நுழையக் காத்திருப்பவரும் உங்கள் வேகத்தைப் பார்த்து, நீங்கள் தாண்டியதும் புகுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நீங்கள் சட்டென்று நின்றதும் இரண்டு பேர் கணக்கும் தப்பிவிட்டது. பாவம் பார்ப்பதை வட்டத்துக்குள் நுழையும் முன்பு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்விட்டால் வேண்டாம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மாசசூசெட்ஸ் பொதுச் சட்டங்கள், அத்தியாயம் 89, பிரிவு 8: ரோட்டரிக்குள் நுழைகிறவர், ஏற்கெனவே உள்ளே இருக்கும் வண்டிக்கு வழிவிட வேண்டும். பெரிய ரோடு, சின்ன ரோடு என்ற பேச்சே அதில் இல்லை.

இனி உங்கள் வீட்டுக்காரர். "நீ ஏன் நின்றாய்" என்றது சரி. "பெரிய ரோட்டில் வருகிறவன் நிற்க வேண்டாம்" என்றதை நியூ ஜெர்சியிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அவரையும் குறை சொல்ல முடியாது. எட்டு வருடம் எடிசனில் இருந்தவர் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போகாமலா இருந்திருப்பார்? அந்தப் பக்கம் போனால் சாமர்வில் சர்க்கிள் கண்ணில் படாமல் இருக்காது. சர்க்கிள்களுக்குள் நுழையவும் சுற்றவும் வெளியேறவும் தீர்மானமான விதி எதுவும் கிடையாது, பொது அறிவோடும் ஜாக்கிரதையாகவும் ஓட்டுங்கள், அந்தந்த இடத்தில் வழக்கமாக யார் முதலில் போகிறார்களோ அதுவே முறை என்று அந்த மாநிலத்து ஓட்டுநர் கையேடே நீண்ட காலம் சொல்லிவந்தது. கையேட்டை முதன்முதலில் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். நம் ஊர்க்காரர் யாரோ எழுதியதுபோல இருந்தது. ஆனால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1925-ல் கேம்டனுக்குப் பக்கத்தில் கட்டிய ஏர்போர்ட் சர்க்கிளில் தொடங்கி அவர்கள் டஜன் கணக்கில் சர்க்கிள் கட்டிவிட்டார்கள். அவற்றில் பலவற்றில் ஒரு பெரிய நெடுஞ்சாலை நடுவே புகுந்து போகும். அதில் வருகிறவன் நிற்காமல் போவதும் மற்றவர்கள் காத்திருப்பதும் அங்கே பழகிப்போன ஏற்பாடு.

சரி, மூன்று பெயர்களுக்கு வருவோம்.

கதை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில் 1905-ல் வண்டிகள் எல்லாம் ஒரே திசையில் சுற்ற வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். யோசனை வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ என்பவருடையது. 1907-ல் பாரிஸில் எத்துவால் சதுக்கத்தில், அதாவது வெற்றி வளைவைச் சுற்றி, அதே ஏற்பாடு வந்தது. ஒரு பக்கமாகச் சுற்றுவதை இரண்டு ஊரும் பிடித்துக்கொண்டன. ஆனால் யார் யாருக்கு வழிவிடுவது என்ற கேள்விக்குச் சாதாரண நாற்சந்தியின் பழைய விதியே பதிலாக இருந்தது: வலது பக்கம் வருகிறவருக்கு முதலிடம். வட்டத்துக்குள் இருப்பவருக்கு வலது பக்கம் யார் இருப்பார்? புதிதாக நுழைகிறவர்தான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு எழுந்தவர்கள் வெளியே போன பிறகுதான் அடுத்த பந்தி உள்ளே வர வேண்டும். வாசலில் நிற்பவர்களுக்கே முதலிடம் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கை கழுவப் போகிறவர் இலைக்கும் ஆளுக்கும் நடுவே மாட்டிக்கொள்வார். அவர் போக முடியாததால் இடம் காலியாகாது. காலியாகாததால் தள்ளுமுள்ளு கூடும். பழைய வட்டங்கள் இப்படித்தான் இறுகிப்போயின. நெரிசல் நேரத்தில் உள்ளே இருப்பவன் வெளியேற முடியாது, நுழைகிறவனோ நிற்க மாட்டான். 1950-கள் வாக்கில் அமெரிக்கப் பொறியாளர்களுக்கு வட்டம் என்றாலே கசந்துவிட்டது. இருந்தவற்றில் சிக்னல் வைத்தார்கள், இல்லையென்றால் நடுவே நேராக ரோடு வெட்டினார்கள். எத்துவாலில் நுழைகிறவருக்கே முதலிடம் என்ற முறை இன்றும் நடக்கிறது, அதுவும் 12 சாலைகளோடு. பாரிஸ் போனால் மேலே ஏறி நின்று வேடிக்கை பாருங்கள், ஓட்ட ஆசைப்படாதீர்கள்.

முடிச்சை அவிழ்த்தது பிரிட்டன். 1966-ல் அங்கே வந்த விதி இது: நுழைகிறவர், தேவைப்பட்டால் நின்று, உள்ளே இருப்பவருக்கு வழிவிட வேண்டும். போக்குவரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஃபிராங்க் பிளாக்மோர் இதற்காக மல்லுக்கட்டியவர்களில் முக்கியமானவர். கேட்கச் சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் இந்த ஒரு விதி வட்டத்தின் உருவத்தையே மாற்றிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது.

பழைய முறையில் வண்டிகள் நிற்காமல், ஓடுகிற ஓட்டத்திலேயே உள்ளே கலந்து, லேன் மாறி, வெளியே பிரிய வேண்டும். பின்னல் போடுவதுபோல ஒன்றை ஒன்று குறுக்கே கடக்க நீளம் தேவை. நீளம் வேண்டுமென்றால் வட்டம் பெரிதாக வேண்டும். பெரிய வட்டத்தில் வேகம் கூடும், வேகம் கூடினால் பின்னலுக்கு இன்னும் நீளம் வேண்டும். இப்படிப் போய்த்தான் 300 அடி, 600 அடி விட்டமுள்ள வட்டங்கள் வந்தன. சாலை வந்து வட்டத்தைத் தொடும் விதமும் அதற்கேற்ப இருந்தது: ரயில் தண்டவாளம் பிரிவதுபோல வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம், பிரேக்கில் கால் வைக்கத் தேவையில்லை. ஊரில் சிவில் படித்தபோது இந்தப் பின்னல் நீளத்தை வைத்து எத்தனை வண்டி போகும் என்று கணக்குப் போடும் வார்ட்ராப் சூத்திரத்தை நானும் மனப்பாடம் செய்தேன். எங்கள் பாடத்தில் அதற்குப் பெயர் ரோட்டரி. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1976-ல் வெளியிட்ட 65-ஆம் எண் நெறிமுறையும் ரோட்டரி என்றுதான் சொன்னது. 2017-ல் திருத்தியபோதுதான் தலைப்பில் ரவுண்டபவுட் வந்தது.

வாசலிலேயே நிற்க வைத்துவிட்டால் பின்னல் தேவையில்லை. பின்னல் இல்லையென்றால் பெரிய வட்டமும் வேண்டாம். ஒரு லேன் ரவுண்டபவுட்டுக்கு வெளிவிட்டம் சுமார் 90 முதல் 180 அடி இருந்தால் போதும். வட்டம் சின்னதானதும் இன்னொரு வேலை செய்ய முடிந்தது: நுழைவாயிலை வளைத்துவிட்டார்கள். நேராக வரும் சாலையை, வட்டத்தை நெருங்கும்போது ஒரு தீவுத்திட்டு வைத்து வலது பக்கம் ஒடிப்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பாமல் யாரும் நேரே பாய முடியாது. 25 மைலுக்கு மேல் போனால் உடம்பே சாயும், அதனால் போர்டைப் படிக்காதவனும் மெதுவாகத்தான் போவான். இப்படிக் கட்டியதற்குத்தான் நாங்கள் நவீன ரவுண்டபவுட் என்று பெயர் வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் முதலாவது 1990-ல் லாஸ் வேகாஸ் ஓரம் சம்மர்லினில் வந்தது. இன்று இண்டியானாவில் கார்மல் என்ற ஒரே ஊரில் 150-க்கு மேல் இருக்கின்றன.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமானால் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனைப் பாருங்கள். அங்கே ஒரு பழைய டிராஃபிக் சர்க்கிளை இடித்து ரவுண்டபவுட் கட்டினார்கள். வேலை நடந்தபோது மேலிருந்து எடுத்த படம் எங்கள் துறையில் பிரபலம்: பழைய வட்டத்தின் வயிற்றுக்குள் புது வட்டம் முழுசாக அடங்கிக் கிடக்கும், தாம்பாளத்தில் வைத்த குங்குமச்சிமிழ் மாதிரி.

அப்படியானால் சர்க்கிள் என்பது? அது ஒரு பொதுப்பெயர், கோணிப்பை. எதைப் போட்டாலும் கொள்ளும். வாஷிங்டனின் டூபான்ட் சர்க்கிளில் நடுவே பூங்கா, நீரூற்று, பெஞ்சு. மக்கள் சாலையைக் கடந்து உள்ளே போய் உட்காருவார்கள், வண்டிகளைச் சிக்னல் கட்டுப்படுத்தும், அடியில் சுரங்கச் சாலை வேறு. அண்ணா நகர் ரவுண்டானாவும் இந்தச் சாதிதான்: பெயரில் ரவுண்டானா, ஆள்வது சிக்னல். சியாட்டிலில் குடியிருப்புத் தெருமுனைகளில் ஒரு செடித்தொட்டி அளவுக்கு வட்டம் வைத்திருக்கிறார்கள், ஆயிரத்துக்கும் மேல். அது வேகத்தைக் குறைக்க மட்டும். அதுவும் சர்க்கிள்தான்.

மாசசூசெட்ஸில் வந்திருக்கும் தொல்லை என்னவென்றால், இங்குள்ளவர்கள் வட்டமாக எதைக் கண்டாலும் ரோட்டரி என்பார்கள். நேற்றுக் கட்டிய ரவுண்டபவுட்டும் அவர்கள் வாயில் ரோட்டரிதான். அதனால் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், வாசலைப் பாருங்கள். யீல்டு போர்டு, அதாவது வழிவிடச் சொல்லும் போர்டு, எல்லா வாசலிலும் இருக்கிறதா? தரையில் சுறாப்பல் போல வெள்ளை முக்கோணங்கள் உங்களைப் பார்த்து நிற்கின்றனவா? பாதை ஒடிகிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா? ஒடிந்தால் ரவுண்டபவுட், எல்லாரும் மெதுவாகத்தான் வருவார்கள். வழுக்கினால் பழைய ரோட்டரி. சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் ரோட்டரியில் உள்ளே வருகிறவன் 35 மைலில் வரக்கூடும். அதே இடைவெளி அங்கே போதாது.

பழைய வகைக்கு உங்கள் மாநிலத்திலேயே நல்ல உதாரணம் கான்கார்ட் ரோட்டரி. ஆக்டன் பக்கம் சிநேகிதர்கள் இருந்தால் விசாரியுங்கள், ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ரூட் 2 என்ற பெரிய சாலை அப்படியே வட்டத்துக்குள் வந்து விழும், 2ஏ-வும் 119-ம் அங்கேதான் பிரியும். காலையில் பாஸ்டன் பக்கம் போகும் கூட்டம் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், உள்ளே இருப்பவருக்கு முதலிடம் என்ற விதி அடுத்த வாசலில் நிற்பவரைத் தூங்க வைத்துவிடும். ஒரு பக்கம் வெள்ளமும் மற்ற பக்கங்களில் வாய்க்காலுமாக வரும் இடத்தில் எந்த வட்டமும் திணறும், புது ரவுண்டபவுட்டும்தான். என் தொழிலில் சிலர் எல்லாச் சந்திப்புக்கும் ரவுண்டபவுட்டே மருந்து என்பார்கள். எனக்கு அந்த அளவு பக்தி இல்லை.

ஆனால் உங்கள் தெருமுனை மாதிரி இடத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சரி என்பேன். சாதாரண நாற்சந்தியில் ஒரு வண்டியின் பாதை இன்னொன்றோடு மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒரு லேன் ரவுண்டபவுட்டில் 8. அந்த எட்டிலும் நேருக்கு நேர் மோதலோ, கதவுப் பக்கம் இடிக்கிற செங்குத்து மோதலோ கிடையாது, உரசல்தான். நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் என்ற அமைப்பு 2000-ஆம் ஆண்டு வாக்கில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தது. காயம் ஏற்படுத்தும் விபத்துகள் சுமார் முக்கால் பங்கு குறைந்திருந்தன. பம்பர் நசுங்குவது அவ்வளவாகக் குறையாது, அதை மறைக்க வேண்டாம். நடுத்திட்டைச் சுற்றி லேசாக உயர்ந்த, செங்கல் நிறத்தில் ஒரு விளிம்பு போடுவார்கள். அது டிரக்கின் பின்சக்கரம் ஏறுவதற்கு. தீயணைப்பு வண்டி திரும்ப முடியாதே என்று டவுன் கூட்டத்தில் யாராவது எழுந்தால், அந்த விளிம்பின் அகலத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு வருகிறேன். அவர் முதலில் மறக்க வேண்டியது, நடுவே குறுக்காகப் போவது. ரவுண்டபவுட்டின் நடுத்திட்டு யாரும் நடப்பதற்கானது இல்லை. கடக்கும் கோடுகள் வட்டத்தை ஒட்டி இருக்காது, யீல்டு கோட்டிலிருந்து ஒரு கார் நீளம், சுமார் 20 அடி, தள்ளி இருக்கும். காரணத்தோடுதான்: முன்னால் நிற்கும் கார் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா அதன் பின்பக்கமாகக் கடந்துவிடலாம். தீவுத்திட்டு என்று சொன்னேனே, அதில் நடுவே ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். முதலில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் பார்த்துத் திட்டுவரை வரட்டும். அங்கே நின்று மூச்சு விட்டுக்கொண்டு, அப்புறம் அடுத்த பக்கம். நுழைகிற வண்டிகளைவிட வெளியேறுகிற வண்டிகளிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும், வெளியேறும்போது எல்லாரும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். ஒரு லேன் இருக்கும் வரை இது பாதுகாப்பு. இரண்டு லேன் என்றால், பக்கத்து லேன்காரர் நின்று கையசைத்தாலும் அடுத்த லேனில் வருகிறவருக்கு அப்பா தெரியமாட்டார். பார்வை குறைந்தவர்களுக்கு இரண்டு லேன் ரவுண்டபவுட் நிஜமாகவே கஷ்டம். அதனால் உங்கள் தெருமுனை வரைபடத்தில் எத்தனை லேன் என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக, கார் பழகும் உங்களுக்கு. ஊரில் ஸ்கூட்டர் ஓட்டியவர் நீங்கள். அங்கே நாம் ரவுண்டானாவைக் கடிகார முள் போகும் திசையில் சுற்றுவோம், நுழையும்போது கழுத்து தானாக வலது பக்கம் திரும்பும். இங்கே எல்லாம் தலைகீழ்: இடதுபக்கம் பார்க்க வேண்டும். எனக்கு இந்தக் கழுத்துப் பழக்கம் போக ஆறு மாதம் ஆயிற்று. நுழையும்முன் "இடது, இடது" என்று வாய்விட்டுச் சொல்வேன், காரில் இருந்தவர்கள் சிரிப்பார்கள்.

கெல்லி ஸ்கொயர் வட்டமே இல்லை, வேர்க்கடலை வடிவம். பல தெருக்கள் வந்து முட்டி, சிக்னலும் இல்லாமல் தைரியசாலிகள் மட்டும் கடந்த பழைய சந்திப்பை 2020 வாக்கில் அப்படி மாற்றினார்கள். இரண்டு லேன் வரும் இடங்களில் எந்த லேன் எங்கே போகும் என்று நுழையும் முன்பே போர்டு சொல்லும். அங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள், உள்ளே போய் மாற்றாதீர்கள். முதல் வாசலில் வெளியேறுவதானால் வலது லேன், வலது இண்டிகேட்டர். முக்கால் சுற்றோ முழுச்சுற்றோ என்றால் இடது லேன், நுழையும்போது இடது இண்டிகேட்டர். எங்கே வெளியேறினாலும், அதற்கு முந்தைய வாசலைத் தாண்டியதும் வலது இண்டிகேட்டர். வாசல் தவறிவிட்டதா? இன்னொரு சுற்று சுற்றுங்கள், யாரும் காசு கேட்கமாட்டார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உள்ளே நிற்காமல் அடுத்த வாசலில் வெளியேறி ஓரம் கட்டுங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய் நாலைந்து சுற்று சுற்றிப் பாருங்கள். பெர்மிட் என்பதால் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். யீல்டு போர்டைக் கண்டதும் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டிலேயே பேசிக்கொண்டு கிளம்புங்கள்.